நெடும்பயணத்தின் முதல் நாளும் மருந்து வேளையும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் என் புறநோயாளர் பிரிவுக்குக் கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதியர் வந்திருந்தனர். கணவருக்கு அறுபத்தெட்டு வயது. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். மனைவிக்கு அறுபத்திரண்டு, தைராய்டுக் குறைவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உட்கொள்பவர். இருவரும் எனக்கு நெடுநாள் பழக்கம். அந்த அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் தந்தனுப்பிய சிகிச்சைக் குறிப்பு அது. அதில் இரத்தச் சர்க்கரை 2.7 என்று அச்சாகியிருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு போல டாக்டர். ரெண்டே முக்கால் சர்க்கரை யாருக்காவது இருக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

கருவி பழுதாகவில்லை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சர்க்கரையை ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளில் ஒரு லிட்டரில் இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். அவ்வெண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் கணக்கு வரும். 2.7 என்பது ஏறத்தாழ 49. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை என்கிறோம். 54-க்குக் கீழே என்றால் மூளை தடுமாறத் தொடங்கும் நிலை. அம்மையார் சிரித்துக்கொண்டு சொன்ன எண், அவருடைய கணவர் நினைவிழப்பதற்குச் சற்று முன்பிருந்த எண்ணாக இருந்திருக்கலாம்.

அன்று நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர்கள் இசைவுடன், அடையாளம் தெரியாத வகையில் இங்கே எழுதுகிறேன். நம் மாவட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்லும் பெற்றோர் இன்று பலர். அவர்களுள் நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, இரண்டுமோ இல்லாதவர் சிலரே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

தம்பதியர் சித்திரையில் கலிபோர்னியாவில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்றனர். போகும்போது எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று மகன் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். திரும்பும்போது அத்தகைய தாள் எதுவும் இல்லை. ஊருக்குத்தானே போகிறோம் என்ற எண்ணம். வழியில் சிங்கப்பூரில் தம்பி மகள் வீட்டில் ஐந்து நாள் தங்குவதாக ஏற்பாடு.

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு விமானம் புறப்பட்டது. பதினாறரை மணி நேரம் பறந்து, ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கியது. சனிக்கிழமை என்ற ஒரு நாள் ஏறக்குறைய காணாமற்போயிற்று. பசிபிக் பெருங்கடலின் நடுவே வரையப்பட்டுள்ள பன்னாட்டுத் தேதிக்கோட்டை மேற்கு நோக்கிக் கடப்பவர் ஒரு தேதியை இழப்பார். இழப்பது நாட்காட்டியில் உள்ள தேதி மட்டுமே. உடலில் ஓடிய மணி நேரம் பதினாறரைதான்.

பெரியவர் வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு, விமான நிலையத்திலேயே, நீண்டநேரம் செயல்படும் இன்சுலினைப் போட்டுக்கொண்டார். கலிபோர்னியா நேரப்படி சனி காலை எட்டு மணிக்கு, விமானத்தில் தந்த உணவோடு, வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் விழுங்கினார். இதுவரை பிழையில்லை. சிங்கப்பூரில் தம்பி மகள் வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது மணி எட்டரை. "காலை ஆச்சு, மாத்திரை போடுங்க" என்று அம்மையார் நினைவூட்டினார். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் முந்தைய மாத்திரை உள்ளே போய் ஒன்பதரை மணி நேரமே ஆகியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று நான் எழுதித் தந்த மாத்திரை, பத்து மணி நேரத்துக்குள் இரண்டு ஆயிற்று.

பிறகு ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். களைப்பே தெரியவில்லை என்றார் பெரியவர், அதில் வியப்பில்லை. சிங்கப்பூரின் காலை பத்து மணி அவர் உடலுக்கு முந்திய நாள் மாலை ஏழு மணி. சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, பக்கத்துத் தெருக்களில் பூக்கடைகள், மளிகைக் கடைகள், எங்கும் தமிழ் எழுத்து. நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றான நகரம் அது. ஆறு மாதம் யாரிடமும் தெருவில் நின்று தமிழ் பேசாதிருந்தவர், கண்ட கடைக்காரரிடமெல்லாம் நின்று பேசினார். கல்வராயன் மலைச்சரிவில் மரவள்ளிக் காட்டுக்கு நாள்தோறும் ஏறி இறங்கிப் பழகிய கால்; சமதரையில் மூன்றரை மணி நேர நடை அவருக்கு நடையாகவே தோன்றவில்லை. பகல் உணவு ஒரு மணிக்கு என்றிருந்தது, இன்னும் ஒரே ஒரு புடவைக் கடை என்று தள்ளிப்போயிற்று.

ஒன்றரை மணிக்குக் குளிரூட்டிய கடை ஒன்றில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னார். மனைவி கேட்டபோது எரிந்து விழுந்தார். "விடும்மா, ரெண்டு நாளாத் தூங்கலை, கண்ணைக் கட்டுது. கொஞ்ச நேரம் சாயட்டும்" என்று அம்மையார் தம் கணவருக்காகப் பரிந்து பேசினார். தம்பி மகள் மட்டும் அவருடைய சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது. "பெரியம்மா, இந்த ஏசியில பெரியப்பாவுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. அந்தப் பெண் மருத்துவம் படித்தவர் அல்லர். அவருடைய மாமனாருக்குச் சர்க்கரை. கடைக்காரரிடம் ஒரு பழச்சாறுப் பொட்டலம் வாங்கிக் குடிக்கவைத்தார். கருவி பெட்டிக்குள், பெட்டி வீட்டில். ஆம்புலன்சில் வந்தவர்கள் அளந்தபோது, சாறு குடித்த பிறகும், 2.7. மருத்துவமனையில் உணவு தந்து, குளுக்கோஸ் ஏற்றி, சரியானதும் அனுப்பிவிடாமல் இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாலை எட்டு மணிக்குச் சர்க்கரை மீண்டும் இறங்கியது. இரட்டை வேளை மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருந்ததே காரணம்.

உடலுக்குள் இருக்கும் கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு மையம் இருக்கிறது. எப்போது தூக்கம், எப்போது விழிப்பு, எப்போது உடல் வெப்பம் குறைய வேண்டும், எப்போது எந்த ஹார்மோன் சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது இதுவே. கல்லீரல், கணையம், குடல் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. இவை எவ்வாறு ஓடுகின்றன என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்தறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மூளையிலுள்ள தலைமைக் கடிகாரத்தைத் திருத்துவது ஒளி. விழித்திரையில் விழும் பகலொளியைக் கொண்டுதான் அது நேரம் பார்க்கிறது. விமானம் ஒரே இரவில் நம்மை வேறு சூரியனுக்குக் கீழே இறக்கிவிடும். கடிகாரமோ புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஓடும். இந்தப் பொருத்தமின்மையையே ஜெட் லாக் என்கிறோம். நாளொன்றுக்கு ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி அளவே அது நகரும். குடலும் கணையமும் தம் போக்கில் நகரும். ஆகவே நள்ளிரவில் பசிக்கும், உணவு வேளையில் பசிக்காது, மலச்சிக்கல் வரும், சர்க்கரை காரணமின்றி ஏறும், இறங்கும்.

மனித உடலின் கடிகாரம் இயல்பில் இருபத்துநான்கு மணியைவிடச் சற்று நீளமானது. அதனால் பொழுதை நீட்டுவது நமக்கு எளிது, சுருக்குவது கடினம். மேற்கே போகிறவருக்குப் பொழுது நீள்கிறது. கிழக்கே போகிறவருக்குச் சுருங்குகிறது. இவ்விரண்டில் கிழக்குப் பயணமே அதிகம் படுத்தும். நம் தம்பதியர் சென்றது மேற்கு நோக்கி. உடல் ஈடுகட்ட வேண்டியது ஒன்பது மணி நேரம். எளிய திசைதான். ஆயினும் ஒன்பது மணி நேரத்தை ஈடுகட்ட ஆறேழு நாளாவது வேண்டும். அவர்கள் கொடுத்தது குளிக்கவும் இட்லி சாப்பிடவும் ஆன இரண்டு மணி நேரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் உடலின் மணிப்படி பார்ப்போம். சிங்கப்பூரில் பகல் ஒன்றரை மணி என்பது உடலுக்கு இரவு பத்தரை. மாலை ஏழு மணி என்பது விடியற்காலை நான்கு, அதாவது உடல் வெப்பமும் விழிப்பும் மிகக் குறைந்திருக்கும் நேரம். நள்ளிரவு என்பது காலை ஒன்பது. எனவே முதல் நாள் காலையில் தோன்றும் உற்சாகத்தை நம்பிப் பகல் முழுவதற்கும் திட்டம் போடக் கூடாது. பகல் இரண்டு மணிக்குமேல் கால் பின்னும், பேச்சுத் தடுமாறும், கோபம் வரும். இவையெல்லாம் இயல்பு.

இடர் அங்கேதான் இருக்கிறது. கால் பின்னுதல், பேச்சுத் தடுமாற்றம், காரணமற்ற கோபம், கண்ணைக் கட்டுதல் ஆகிய அத்தனையும் தாழ்சர்க்கரைக்கும் உரிய அறிகுறிகள். உடன் இருப்பவருக்குத் தூக்கம் என்ற விளக்கம் ஆயத்தமாகக் கையில் இருப்பதால் வேறொன்றைத் தேடமாட்டார். அந்த அம்மையார் செய்த பிழை கவனக்குறைவு அன்று. அவர் சொன்ன விளக்கம் பாதி உண்மை. பாதி உண்மையாக இருந்ததால்தான் ஐயம் எழவில்லை.

இரண்டையும் பிரித்தறிய வீட்டார் நினைவில் கொள்ளத்தக்கவை சில உண்டு. தூக்கக் கலக்கத்தில் குளிர்ந்த வியர்வை வராது, கை நடுங்காது, நெஞ்சு படபடக்காது. தூக்கக் கலக்கம் உள்ளவரை உலுக்கினால் தெளிந்து சரியான பதில் சொல்வார். ஆனால் பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்களுக்கும், பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் நடுக்கமும் படபடப்பும் இல்லாமலேயே சர்க்கரை இறங்கக்கூடும். ஆதலால் ஐயம் வந்தால் அளப்பதே வழி. அளக்கக் கருவி இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே கொண்டு இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை கூடியிருப்பவருக்குத் தவறாக ஒரு குவளை சாறு கொடுப்பதால் பெருந்தீங்கு நேராது. இறங்கியவருக்குக் கொடுக்காமல் விட்டால் நேரும்.

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் குவளை பழச்சாறோ கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். எழுபதைத் தாண்டாவிட்டால் மறுபடி அதே அளவு. தாண்டியதும் சோறோ இட்லியோ ரொட்டியோ சாப்பிட வைக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்சை அழையுங்கள். சிங்கப்பூரில் அதன் எண் 995, நம் ஊரில் 108. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, தேறிய பிறகும் ஒரு நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் இறங்கக்கூடும். முகம் தெளிந்துவிட்டதே என்று கடைக்குத் திரும்பிப் போகாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது இதனால்தான்.

மருந்தை எப்படிக் கணக்கிடுவது?

சிங்கப்பூர் மருத்துவர் அம்மையாரிடம் கேட்ட முதற் கேள்வி, கடைசி இன்சுலின் எப்போது என்பது. "வெள்ளிக்கிழமை ராத்திரி" என்றார். அப்போது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. நாட்காட்டியைப் பார்த்தால் ஒரு வேளை முழுதாக விட்டுப்போய், அடுத்த வேளையும் நெருங்கிவிட்டது போல் தோன்றும். மணிக்கணக்கில் பார்த்தால் இருபத்தேழு மணி நேரம். மூன்று மணி நேரத் தாமதம், அவ்வளவே. அந்த மருத்துவர் விமானச் சீட்டை வாங்கிப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார். அவர் கணக்கிடாமல், விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து யாரேனும் இன்சுலின் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

எனவே பயணத்தில் மாத்திரையைக் காலை, மாலை என்று நினைக்காதீர்கள். கடைசி வேளையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். ஒரு சிறு தாளில் ஒவ்வொரு வேளையையும் எழுதுவது நல்லது. பழைய கைக்கடிகாரம் ஒன்றைப் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே விட்டுவைத்தால் போதும். கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டுவிடும், அதை நம்ப வேண்டாம். கணவருக்கு நேர்ந்தது அதுதான். விமானத்தில் கலிபோர்னியா நேரம் காட்டிய அதே கைபேசி, இறங்கியதும் சிங்கப்பூர் நேரம் காட்டியது. அவர் இருமுறையும் அதை நம்பினார்.

எல்லா மருந்துக்கும் இத்தனை கவலை வேண்டுவதில்லை. அம்மையாரின் தைராய்டு மாத்திரை உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சில மணி நேரம் முன்பின்னானால் ஒன்றுமில்லை. அம்லோடிபின், கொழுப்புக்கான ஸ்டேட்டின் ஆகியவையும் அப்படியே. இறங்கிய ஊரின் காலைக்கோ இரவுக்கோ மாற்றிக்கொள்ளலாம், ஒரே நாளில் இருமுறை எடுக்காமல் இருந்தால் போதும். மாறாக இன்சுலின், சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு வகை, வலிப்பு மருந்துகள், இரத்தம் உறையாமைக்கான மருந்துகள், பார்க்கின்சன் நோய்க்கும் மனநோய்க்கும் உரியவை, உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் உட்கொள்பவை ஆகியவற்றில் மணி தவறக் கூடாது. இவற்றுள் ஒன்றை உட்கொள்பவர் நெடும்பயணத்துக்கு முன்பு மருத்துவரைக் கேளாமல் புறப்பட வேண்டாம். மேற்கே செல்லும் நீண்ட நாளில் இன்சுலின் சற்றுக் கூடுதலாகவும், கிழக்கே செல்லும் குறுகிய நாளில் சற்றுக் குறைவாகவும் தேவைப்படலாம். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இங்கே எண் எதுவும் தரவில்லை.

மருந்தும் கருவியும் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அன்று. விமானத்தின் சரக்கறையில் இன்சுலின் உறைந்துபோகக்கூடும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தலாகாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவைப் பொதுவாக நான்கு வாரம் வரை 30 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டி இல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் சிங்கப்பூரிலும் சென்னையிலும் நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் அரை மணி நேரத்தில் அந்த அளவு தாண்டிவிடும்.

முதல் நாளை எப்படிக் கழிப்பது?

ஊர் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பதினாறு மணி நேரம் மடங்கிக் கிடந்த காலுக்கு நடை நல்லது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் கெண்டைக்கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது. விமானத்திலேயே எழுந்து நடக்க வேண்டும், பாதத்தை மடக்கி நீட்ட வேண்டும். இறங்கிய பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ களைப்பு என்று படுத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வருகிறவருக்கு நான் இப்போது சொல்வது இது. காலையில் ஓரிடம் மட்டும் பாருங்கள், கோயிலோ சந்தையோ. பகல் உணவை அந்த ஊர் நேரப்படி, தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள். பிறகு அரை மணி நேரம் மட்டும் படுங்கள். எழுப்பிவிட ஆள் வேண்டும், ஏனென்றால் உடல் அதை இரவென்றே எண்ணி ஆறு மணி நேரம் தூங்கிவிடும். நான்கு மணிக்குமேல் வெளியே வந்து பகலொளியில் இருங்கள். நடக்க வேண்டுமென்பதில்லை, அடுக்ககத்தின் கீழே மர இருக்கையில் உட்கார்ந்திருந்தால் போதும். மேற்கே வந்தவரின் கடிகாரத்தை அந்த மாலை வெளிச்சம்தான் பின்னுக்குத் தள்ளுகிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணி அளவில் எழுந்து மாலை ஏழு மணி அளவில் மறைவதால் இதற்கு நல்ல வாய்ப்புண்டு. இரவு ஒன்பதுவரை விழித்திருந்து படுங்கள். நள்ளிரவில் விழிப்பு வரும். விளக்கைப் போடாமல், கைபேசியைத் தொடாமல் படுத்திருங்கள். பசித்தால் சிறிதளவு சாப்பிடலாம், அதற்காகக் கூடுதல் மாத்திரை வேண்டாம்.

தூக்க மாத்திரையை உறவினர் யாரேனும் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். புதிய வீட்டில், இருட்டில், கழிவறைக்குப் போகும் வழி தெரியாமல், அரைத் தூக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோரைப் பார்த்திருக்கிறேன். மெலடோனின் ஜெட் லாக்குக்கு ஓரளவு உதவுவது உண்மைதான். ஆனால் தவறான நேரத்தில் எடுத்தால் கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் உச்சிப்பொழுதில் கோயிலின் வெளித்தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்; சூடு பட்டது தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் தெரியும்.

இங்கிருந்து போகிறவர்களும், இங்கே வருகிறவர்களும்

நம் மாவட்டத்திலிருந்து நேரே சிங்கப்பூர் போகிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு நேர வேறுபாடு இரண்டரை மணிதான். 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்குமுன் இரண்டு மணியாக இருந்தது. இவ்வளவு சிறிய வேறுபாட்டை உடல் இரண்டு மூன்று நாளில் சரிசெய்துகொள்ளும். அவர்களைப் படுத்துவது ஜெட் லாக் அன்று, இழந்த இரவு. வெள்ளிமலையிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை விமான நிலையம் சேர இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பிற்பகலில் வீட்டைவிட்டுக் கிளம்பி, நள்ளிரவில் விமானம் ஏறி, விடியலில் இறங்கும்போது ஓர் இரவு முழுவதும் போயிருக்கும். அவர்கள் முதல் நாள் செய்ய வேண்டியது இரண்டு: ஏழு மணிக்குமேல் காலை வெயிலில் சற்று நிற்பது, பிறகு ஓரிரு மணி நேரம் தூங்குவது. மாத்திரையை அங்குள்ள காலைக்கு எடுத்தால் இரண்டரை மணி முந்துகிறது. பெரும்பாலோருக்கு அதனால் இடரில்லை, உணவோடு எடுத்தால் போதும்.

அமெரிக்காவிலிருந்து நம் ஊருக்கே வரும் பிள்ளைகளை எண்ணித்தான் எனக்குக் கவலை அதிகம். கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி வேறுபாடு. பகல் அப்படியே இரவாகிறது. விடியற்காலை இரண்டு மணிக்குச் சென்னையில் இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓட்டி வருகிறார்கள். அழைக்கப் போன உறவினரும் இரவெல்லாம் விழித்தவரே. மறுநாளே குழந்தைகளோடு கல்வராயன் மலைக்கு, மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும், புறப்படுகிறார்கள். பிற்பகல் அருவியில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, வளைவுகளில் இறங்கும் வேளை அவர்கள் உடலுக்கு நடு இரவு. வந்தவர் மூன்று நாளாவது வண்டி ஓட்ட வேண்டாம். நன்றாகத் தூங்கிய ஒருவர் ஓட்டட்டும். மூன்று நாள் பொறுத்தால் அருவி வற்றிவிடாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. பயணத்துக்கு முன்பு அத்தம்பதியர் என்னிடம் வந்திருந்தனர். ஆறு மாத மருந்துக்கான சீட்டும், ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் தந்தேன். எப்போது திரும்புவீர்கள், எந்த வழியாக என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போது வெளிநாடு செல்லும் நீரிழிவு நோயாளர் யார் வந்தாலும் விமானச் சீட்டின் நகலைக் கேட்கிறேன், போவதற்கும் வருவதற்கும். நீங்களும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அதைக் கொண்டு வாருங்கள். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.

இத்தம்பதியர் தை மாதம் மீண்டும் சிங்கப்பூர் செல்கின்றனர், தம்பி மகளின் குழந்தைக்குக் காது குத்து. சென்ற வாரமே சீட்டோடு வந்துவிட்டார்கள். மணிக்கணக்கை எழுதித் தந்தேன். அம்மையார் அதை இருமுறை படித்துவிட்டுக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமைதான் இறங்குறோம் டாக்டர். அன்னைக்கு வாங்காம வந்த அந்தப் புடவைக் கடைக்கு முதல் நாளே போகலாமா?"

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதித் தந்திருக்கிறேன்.